நிருபரின் இடுப்பில் துப்பாக்கி வேண்டாம்

இரண்டாம் உலகப் போர் மீள்நடிப்புகளில் அமெரிக்கப் போர்முனை நிருபராக வர நம்மில் பலர் ஆர்வம் காட்டுவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவர்களில் சிலர் இடுப்பில் கைத்துப்பாக்கி உறையோடு வருவதைக் கண்டும் காணாமல் இருக்க முடியவில்லை. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வேடத்தை அந்த ஒரு பொருள் கெடுத்துவிடுகிறது.

1929 ஜெனீவா ஒப்பந்தத்தின் 81ஆவது பிரிவுப்படி, படையோடு செல்லும் நிருபர் பிடிபட்டால் போர்க்கைதியாக நடத்தப்பட வேண்டும். அதற்குத் தம் படைத்தரப்பு கொடுத்த அத்தாட்சி அவர் கையில் இருந்தாக வேண்டும். அமெரிக்க நிருபர் அதிகாரிகளின் சீருடையைத்தான் உடுத்தினார். பதவிச் சின்னம் மட்டும் கிடையாது. பிடிபட்டால் கேப்டனுக்குரிய மரியாதை. ஆயுதம் ஏந்தக் கூடாது. 1944 ஆகஸ்டில் காலியர்ஸ் இதழின் நிருபராகப் பிரான்சில் இருந்த எர்னஸ்ட் ஹெமிங்வே, ராம்பூயேவில் நிருபர் சின்னத்தைக் கழற்றிவிட்டு பிரெஞ்சு எதிர்ப்புப் படையினருடன் ஆயுதமேந்தினார் என்று புகார் கிளம்பியது. அவ்வளவு புகழ்பெற்றவரையும் அக்டோபரில் கூப்பிட்டு விசாரித்துத்தான் விட்டார்கள். ஏபி செய்தி நிறுவன நிருபர் ஜோசப் மார்ட்டனுக்கு நேர்ந்தது கொடுமை: ஸ்லோவாக்கியாவில் பிடிபட்டு, 1945 ஜனவரியில் மௌட்ஹவுசன் முகாமில் கொல்லப்பட்டார். அத்தாட்சி எல்லோரையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் நிருபர் நம்பிப் போனது அதை மட்டும்தான்.

ஆகவே செலவையும் உழைப்பையும் முதலில் காகிதங்களில் போடுங்கள். புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை, பயண உத்தரவு, பத்திரிகை அலுவலகத்திலிருந்து வந்த தந்தி ஆகியவை பைக்குள் மடிந்து மடிந்து ஓரம் நைந்திருக்க வேண்டும். பார்வையாளர் கேட்டால் எடுத்துக் காட்டவும் வேண்டும். 'உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்' என்ற நினைப்பு இந்த வேடத்துக்கு ஆகாது.

உடுப்பு வாங்குமுன் நாளையும் இடத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் நிருபர்கள் அணிந்தது வெள்ளை 'சி' எழுத்துப் போட்ட பச்சைக் கைப்பட்டை. தைத்துக்கொள்ளும் துணிச் சின்னம் பின்னால் வந்தது. எம்-1943 ஜாக்கெட் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் போட்டுக்கொண்டு 1944 ஜூன் நார்மண்டிக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த ஜாக்கெட் ஐரோப்பாவில் பரவலானது அவ்வாண்டின் இலையுதிர் காலத்துக்குப் பிறகுதான். காலணி, பெல்ட், தண்ணீர்க் குடுவையைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதிகாரி வேடத்துக்கு வாங்கியதே போதும்.

தொழில் கருவிகளில்தான் அதிகம் சறுக்குகிறோம். ஒலிவெட்டி லெட்டரா 22 அழகான டைப்ரைட்டர், ஆனால் அது 1950இல் வந்தது. 1935 முதல் விற்ற ஹெர்மீஸ் பேபியைத் தேடுங்கள். லைக்கா எம்3 கேமரா பிறந்தது 1954இல். 1936இல் வந்த காண்டாக்ஸ் 2 பொருந்தும். ஸ்பீட் கிராஃபிக் கிடைத்தால் இன்னும் நல்லது. பால்பாயின்ட் பேனாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அமெரிக்கக் கடைகளில் அது விற்பனைக்கு வந்ததே 1945 அக்டோபர் இறுதியில், போர் முடிந்த பிறகு. பென்சில் போதும்.

புகைப்படக்காரராக வருபவர் குறிப்பேடு இல்லாமல் வரக் கூடாது. ஒமாஹா கடற்கரையில் ராபர்ட் காப்பா எடுத்த சுருள்கள் கழுவப்படாமலே லண்டனிலிருந்த லைஃப் இதழின் அலுவலகத்துக்குப் போயின. எடுத்தவர் இங்கே, கழுவுபவர் அங்கே என்றிருக்கும்போது, எந்தச் சுருளில் எந்த இடம், யார் யார் என்று எழுதி அனுப்புவதும் வேலையின் ஒரு பாதி. பெண்களும் இந்த வேடத்துக்குத் தயங்காமல் வரலாம். லீ மில்லர் வோக் இதழுக்காக ரோலிஃப்ளெக்ஸோடு போர்முனைக்குப் போனவர்.

நிகழ்ச்சி நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நிருபர்களைப் போர்க்காட்சியின் ஓரத்தில் சும்மா நிறுத்தாதீர்கள். ஒரு கூடாரத்தில் தணிக்கை அதிகாரிக்கு மேசை போட்டுக் கையில் நீலப் பென்சிலைக் கொடுங்கள். நிருபர் கார்பன் வைத்து அடித்த செய்தியை அங்கே கொண்டு வரட்டும். ஊர்ப்பெயரும் படைப்பிரிவின் எண்ணும் ஒவ்வொன்றாக அடிபடுவதைப் பார்வையாளர்கள் பக்கத்தில் நின்று படிக்கட்டும். ஜெர்மனியின் சரணடைவைத் தடையை மீறி முதலில் வெளியிட்டதற்காக 1945 மே மாதம் ஏபியின் எட்வர்ட் கென்னடி அங்கீகாரத்தை இழந்ததையும் அந்த மேசையருகே சொல்லலாம். தணிக்கை அதிகாரியாக வர விரும்புபவர்கள் அடுத்த பருவத்துக்கு இப்போதே பெயர் கொடுங்கள்.