கேபிள் செருகினால் மட்டும் போதாது

“டைம்கோடு கேபிளைச் செருகியாச்சு, இனி எல்லாம் தானா சிங்க் ஆயிடும்.” பல கேமரா வைத்துப் படமெடுக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இது தவறு. இதை நம்பியதன் பாரம் கடைசியில் உதவி எடிட்டர் தலையில்தான் விடிகிறது.

முதலில், கேமராப் படத்தைக் கணினியில் பதிவு செய்யும் கேப்சர் கார்டுக்கு டைம்கோடு வரும் வழி ஒன்றல்ல. தனிக் கேபிளில் ஒலி சிக்னலாக வரும் எல்டிசி உண்டு. எஸ்டிஐ கேபிளில் படத்தோடு சேர்ந்து வருவதும் உண்டு. பழைய டேப் டெக் என்றால் ஆர்எஸ்-422 கண்ட்ரோல் கேபிள் வழியாகவும் வரும். எதைப் படிக்க வேண்டும் என்று செட்டிங்கில் நாம்தான் சொல்ல வேண்டும். செருகியது எல்டிசி, தேர்வு செய்திருப்பது எஸ்டிஐ என்றால், எல்லாக் கேமராவுக்கும் பொதுவான டைம்கோடு ஃபைலில் ஏறாது. படம் மட்டும் குறையில்லாமல் பதிவாகும். ஆகவே அன்று யாருக்கும் சந்தேகம் வராது.

நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதிலும் குழப்பம் உண்டு; “24-ம் 23.976-ம் ஒன்றுதானே” என்பார்கள். ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகும். உதட்டசைவு பிசக அதில் இருபதில் ஒரு பங்கே போதும்.

“டிராப் ஃப்ரேம் வைத்தால் ஃப்ரேம் தொலையும்” என்ற பயமும் வீண். 29.97 கணக்கில் நிமிடத்துக்கு இரண்டு டைம்கோடு எண்களைத் தாண்டுகிறார்கள். ஒவ்வொரு பத்தாம் நிமிடமும் தாண்டுவதில்லை. படத்தில் ஒரு ஃப்ரேமும் குறையாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறான நம்பிக்கை, காலையில் ஒருமுறை ஜாம் செய்தால், அதாவது எல்லாக் கேமராவின் டைம்கோடையும் ஒன்றாக்கினால், மாலைவரை கவலையில்லை என்பது. டைம்கோடு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு எண் தருகிறது, அவ்வளவே. அடுத்த ஃப்ரேம் எந்தக் கணத்தில் தொடங்கும் என்பது கேமராவுக்குள் இருக்கும் படிகத்தின் கையில். அந்தப் படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால், ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி போய்விடும். நம் ஊர் 25 ஃப்ரேம் கணக்கில் அது நாலரை ஃப்ரேம். பத்து லட்சத்தில் ஒரு பங்கே பிசகும் நல்ல டைம்கோடு பெட்டியானால், ஒரு ஃப்ரேம் நழுவ 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே கேமராவோடு அந்தப் பெட்டி நாள் முழுக்க இணைந்தே இருக்கட்டும்; முடியாவிட்டால் ஒவ்வொரு இடைவேளையிலும் மறுபடி ஜாம் செய்யுங்கள். ஃப்ரேம்கள் ஒரே கணத்தில் தொடங்க வேண்டுமென்றால் ஜென்லாக் கேபிளும் தனியாக வேண்டும். இந்தப் பெட்டியையும் கேபிளையும் செலவு என்று தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேப்சர் கார்டின் அவுட்புட்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கார்டு வழியாகச் சுற்றி வெளியே வரும் படம் ஓரிரு ஃப்ரேம் பிந்தலாம். அந்தப் பிந்தலை அளந்து, டைம்கோடில் அத்தனை ஃப்ரேம் கழிக்க வேண்டும்.

முதல் ஷாட்டுக்கு முன், டைம்கோடு ஓடும் கிளாப் பலகையை எல்லாக் கேமராவுக்கும் காட்டி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அதை அங்கேயே எடிட்டிங் மென்பொருளில் திறந்து, பலகையில் தெரியும் எண்ணும் ஃபைலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.