முதல் இரண்டு நாள் கூலி

மத்தியத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தின் தலைவரும் நீங்களே என்பதால் இந்த மடல் உங்களுக்கு. நாங்கள் அதை இ.எஸ்.ஐ. என்றுதான் சொல்வோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்கோ தோல் பதனிடும் ஷாப்புக்கோ ஆள் போகாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்தத் தெருக்களுக்காக ஒன்று கேட்கிறேன். காய்ச்சலில் படுக்கும் முதல் இரண்டு நாளுக்கும் பணம் கொடுங்கள்.

இப்போதைய விதிப்படி, நோயுற்ற தொழிலாளிக்குக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம். அதற்குக் காசில்லை. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் விலக்கு உண்டு.

கொரோனா வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதோடு இந்த விதியைச் சேர்த்துப் பாருங்கள். 2002 நவம்பரில் சீனாவின் குவாங்டாங்கில் கிளம்பிய சார்ஸ் என்ற கொரோனா நோய், அறிகுறி கண்டு பத்து நாள் ஆகும் சமயத்தில்தான் உச்சமாகத் தொற்றியது. அதற்குள் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். 774 உயிரைக் குடித்த அந்த நோயை 2003 ஜூலைக்குள் அடக்க முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோவிட் அப்படியல்ல. தொண்டை கரகரக்கத் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பும், தொடங்கிய முதல் சில நாளும்தான் அது அதிகம் பரவும். முன்னிரண்டு நாளை யாராலும் பிடிக்க முடியாது. பின்னிரண்டு நாளைப் பிடிக்கலாம். நம் விதியோ அந்த இரண்டு நாளில்தான் தொழிலாளியை வேலைக்குத் தள்ளுகிறது.

ஸ்டிச்சிங் லைனில் நின்று பார்த்தவருக்கு இது விளங்கும். மெஷின்கள் வரிசையாக நெருங்கியிருக்கும். ஒருத்தி விளிம்பு மடித்துக் கொடுத்த அப்பரை அடுத்தவள் வாங்கித் தைப்பாள், அவளிடமிருந்து அடுத்தவளுக்குப் போகும். பேஸ்டிங் மேசையில் சொல்யூஷன் வாடை தலைக்கேறும். ஒருத்தி இல்லையென்றால் அந்த இடத்தில் வேலை தேங்கும், சூப்பர்வைசர் சத்தம் போடுவார். சில கம்பெனிகளில் ஒரு நாள் லீவு போட்டாலே அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். ஆகவே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மாதனூர் பக்கமிருந்தும் விண்ணமங்கலம் பக்கமிருந்தும் வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். மார்கழிக் குளிரில் ஜன்னலெல்லாம் மூடியிருக்கும். தோல் ஷாப்பில் இன்னொரு சிக்கல். பஃபிங் தூசியிலும் ரசாயன நெடியிலும் இருமி இருமிப் பழகியவர்களுக்குப் புதிதாக வந்த இருமல் உறைப்பதில்லை. "எப்பவும் வர்றதுதானே" என்று விட்டுவிடுவார்கள்.

2020 ஏப்ரலில் கொரோனாவைத் தடுக்க என்று வேலூர்–சித்தூர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பினார்கள். எதிர்ப்பு வந்ததும் இடித்தார்கள். பீதியில் செய்தது, விட்டுவிடலாம். ஆனால் அந்த அக்கறையில் கால்வாசி தொழிலாளியின் இரண்டு நாள் கூலியின்மேல் இருந்திருக்கக் கூடாதா?

தடுப்பூசி வந்துவிட்டதே என்பார்கள். இங்கேயே, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 2021இல் இரண்டாம் அலையின்போது தன் பணியாளர்கள் 10,600 பேரைக் கவனித்து எழுதிய ஆய்வு இருக்கிறது. இரண்டு டோஸ் போட்டவர்கள் ஐ.சி.யூ.வுக்குப் போவதைத் தடுப்பூசி 94 சதவீதம் தடுத்தது. தொற்றைத் தடுத்தது 65 சதவீதம்தான். உயிரைக் காக்க ஊசி போதும். பக்கத்து மெஷின்காரிக்குப் பரவாமலிருக்க வீட்டில் இருந்தாக வேண்டும்.

அடுத்த கொரோனா நோய் வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. 2012இல் சவுதி அரேபியாவில் கண்டறியப்பட்ட, ஒட்டகத்திடமிருந்து மனிதருக்கு வரும் மெர்ஸ் என்ற கொரோனா நோய் இன்னும் ஓயவில்லை. கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைக் கொன்றிருக்கிறது. 2015இல் வளைகுடாவிலிருந்து தென்கொரியா திரும்பிய ஒரே ஒருவரில் தொடங்கி அங்கே 186 பேருக்குத் தொற்றி, 38 பேர் இறந்தார்கள். வேலைக்கு வளைகுடாவுக்கும், ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் போய்வந்தபடிதான் இருக்கிறார்கள். போய்வருபவர்மேல் பழி போடச் சொல்லவில்லை. அவர் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் கூலிக்குப் பயப்படாமல் சொல்லும்படி செய்யுங்கள் என்கிறேன்.

இன்னொரு கூட்டம் உங்கள் கணக்கிலேயே இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஊசியால் கையாலேயே தைத்துக் கொடுக்கும் பெண்கள். ஜோடிக்குச் சில ரூபாய். ஏஜெண்ட் கொண்டுவந்து போடுவார், எடுத்துப்போவார். அவர்களுக்கு இ.எஸ்.ஐ. கார்டு கிடையாது, முதல் நாளுக்கும் காசு கிடையாது, மூன்றாம் நாளுக்கும் கிடையாது. ஊரடங்கில் கம்பெனி மூடியதும் அவர்கள் வேலை நின்றது. அவர்கள் தைத்த ஷூ ஐரோப்பியக் கடைகள் வரை போகிறது. அவர்களின் பெயர் எந்த மஸ்டர் ரோலிலும் ஏறவில்லை. இரண்டு நாள் விதியை மாற்றும்போது இவர்களையும் சேர்க்க வழி காணுங்கள்.

செலவாகும் என்று அதிகாரிகள் சொல்லலாம். தொழிலாளி கூலியில் 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் மாதாமாதம் கழகத்துக்கு வருகிறது. காய்ச்சல் வராத மாதத்திலும் பிடித்தம் நிற்பதில்லை. எல்லா நோய்க்கும் உடனே முடியாவிட்டால், காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வரும் நோய்களுக்கு மட்டுமாவது அந்தக் காத்திருப்பை நீக்குங்கள். கழகத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். என்ன முடிவானது என்று ஆம்பூர் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி பலகையில் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆம்பூர்த் தோல் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்