சாக்கடைக்குத் தொகுதி தெரியுமாங்க?

"ஏனுங்க, இது எங்க ஏரியா இல்லீங்களே." சாக்கடை மனுவில் இருந்த விலாசத்தை ஒரு பார்வை பார்த்ததும் எம்.எல்.ஏ. ஆபீஸ் பையன் அதைத் திருப்பி நீட்டிவிட்டான். அடுத்த தொகுதி ஆபீஸுக்கு நடந்தேன். சாக்கடை கிளம்புகிற இடம் எங்களுடையது இல்லை, அங்கேயே போய்க் கேளுங்கள் என்றார்கள். யார் ஆபீஸ், எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. எந்தக் கட்சி வந்தாலும் இதே பதில்தான்.

கோவை பீளமேட்டில் முப்பது வருஷம் மில்லில் பஞ்சைத் தின்றவன் நான். பி.எஃப். பணத்தைக் கூட்டிப்பெருக்கி விளாங்குறிச்சிப் பக்கம் மூன்று சென்ட் வாங்கி ஓட்டு வீடு போட்டேன். டாக்டர், கோயில், சந்தை, சாவு, கல்யாணம் எல்லாம் இன்றைக்கும் பீளமேடுதான். ஓட்டு மட்டும் கவுண்டம்பாளையம் தொகுதியில். அந்தப் பேருள்ள ஊரோ மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிறது. இங்கிருந்து போகக் காந்திபுரத்தில் பஸ் மாற வேண்டும்.

2008இல் குல்தீப் சிங் ஆணையத்தின் தொகுதி மறுவரையறை அமலுக்கு வந்தது. பேரூர் தொகுதி போனது, கோவை கிழக்கு போனது, மேற்கும் போனது. கோவை வடக்கு, தெற்கு, சூலூர், கவுண்டம்பாளையம் என்று புதிதாக வந்தன. பீளமேடு சிங்காநல்லூரில், கூப்பிடு தூரத்தில் நான் கவுண்டம்பாளையத்தில். மழை பெய்தால் சிங்காநல்லூரில் கிளம்பும் சாக்கடைத் தண்ணீர் கவுண்டம்பாளையத்தில் என் வாசற்படியில் வந்து நிற்கிறது. 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 ஆனபோது எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வரி ஏறியது. தண்ணீர் வடியவில்லை.

எங்கப்பாருக்கு இந்தக் குழப்பம் இல்லை. 1957லும் 1977லும் பார்வதி கிருஷ்ணன், 1971இல் பாலதண்டாயுதம் என்று கோவை எம்.பி.க்களை ஜாதகம் மாதிரி ஒப்பிப்பார். 1973இல் பாலதண்டாயுதம் விமான விபத்தில் போய்ச் சேர்ந்த அன்று திண்ணையை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை. இப்போது என் பேரனிடம் உங்க எம்.எல்.ஏ. யாருடா என்று கேட்டால், கூகுளில் தேடிப் பார்த்து, "எந்தத் தொகுதிக்கு, தாத்தா?" என்கிறான்.

கட்சி மாறினால் விடியும் என்பார்கள். 2016இல் மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் ஒன்பது அ.தி.மு.க.வுக்குப் போக, சிங்காநல்லூர் மட்டும் தி.மு.க.வுக்கு வந்தது. அப்போது கேட்டால், அது அவங்க பக்கம், இது இவங்க பக்கம் என்றார்கள். 2021இல் பத்தும் அ.தி.மு.க. கூட்டணிக்கே. அப்போதாவது இரண்டு பக்கமும் ஒன்றானதா? எங்கே!

வயிறு எரிகிற கணக்கு இன்னொன்று உண்டு. 2021இல் கவுண்டம்பாளையத்தில் நாலரை லட்சத்துக்கும் மேல் வாக்காளர். சென்னையின் துறைமுகம் தொகுதியில் ஒன்றே முக்கால் லட்சம் சொச்சம். இரண்டுக்கும் சட்டமன்றத்தில் ஒரே ஒரு நாற்காலி. அங்கே ஒருத்தர் போடும் ஓட்டுக்கு முன்னால் என்னுடையது அரை ஓட்டுக்கும் தேறாது. கோடு போட்டது 2001 ஜனத்தொகையை வைத்து. அதற்குப் பிறகு சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகளும் காளப்பட்டியில் அடுக்குமாடிகளும் முளைத்தது யார் கண்ணிலும் படவில்லையா? மொத்த இடமோ 1967லிருந்து அதே 234.

2026க்குப் பிறகு எடுக்கும் முதல் ஜனத்தொகைக் கணக்கை வைத்து அடுத்த மறுவரையறை என்று சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டுக்கு டெல்லியில் எத்தனை சீட் குறையும் என்று எல்லோரும் பதறுகிறார்கள். பதற வேண்டியதுதான், 41ஆக இருந்தது 1967இல் 39 ஆனதைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் உள்ளூரில் எங்களை எந்தப் பக்கம் தள்ளப் போகிறார்கள் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

மறுபடி பென்சில் எடுக்கப்போகும் அதிகாரிகளே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு மழை நாளில் விளாங்குறிச்சி ரோட்டுக்கு வாருங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் வாசல் வரை நடந்து பாருங்கள். அதற்கப்புறம் கோடு போடுங்கள்.