முத்துலட்சுமி ரெட்டி என்பது வெறும் திட்டத்தின் பெயரா?

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிரசவ வார்டில் அடிக்கடி வரும் கேள்வி: "முத்துலட்சுமி ரெட்டி பணம் எப்ப ஏறும்?"

பிக்மி நம்பர் மனப்பாடமாகத் தெரியும். 18,000 ரூபாய்க் கணக்கும் தெரியும். "அந்த அம்மா யாரு தெரியுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரிப்புதான் பதில்.

அது அவர்கள் தப்பில்லை. போராடிய பெண்களின் பெயரை விண்ணப்பப் படிவத்தில் வைத்துவிட்டோம். அவர்களின் கதையை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

பள்ளியிலும் ஒரு மார்க் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. "முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் யார்?" பதில் எழுதினால் மார்க். ஆனால் அவருக்கு முன்னால் ஏன் ஒரு பெண்கூட அங்கே போகவில்லை? யார் தடுத்தார்கள்? இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று ராத்திரி உங்கள் பிள்ளைக்கு நீங்கள் சொல்லுங்கள்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இவர் சேரப் போனபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர்.

1914-ல் கல்யாணம். மாப்பிள்ளை சுந்தர ரெட்டியும் டாக்டர்தான். "என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டார். அவரும் ஒத்துக்கொண்டார். நூறு வருஷத்துக்கு முன்னால்!

1927-ல் சென்னை சட்டமன்ற மேலவைக்குள் போனார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கக் குரல் கொடுத்தார். பெரிய பெரிய தலைவர்களே எதிர்த்தார்கள். சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947-ல். இருபது வருஷம்! நல்லது எதுவும் ஒரே நாளில் நடக்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட வேறு கதை வேண்டாம்.

தங்கை புற்றுநோயில் இறந்த வேதனையை மறக்காமல், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தார். 1954-ல் அது செயல்படத் தொடங்கியபோது அவருக்கு வயது 67.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வழக்கத்தின் கொடுமையைத் தானே அனுபவித்தவர். மேடை மேடையாகப் பேசினார், 1936-ல் நாவலே எழுதினார். இவர் பெயரும் இப்போது ஒரு திட்டத்தின் பெயராகத்தான் பலருக்குத் தெரியும்.

பிள்ளை ஹைஸ்கூல் போய்விட்டதா? ருக்மாபாயைச் சொல்லுங்கள். பம்பாய்க்காரர். 11 வயதில் கட்டிவைத்த கணவனோடு வாழ மாட்டேன் என்றார். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 1887-ல் "கணவன் வீட்டுக்குப் போ, இல்லையென்றால் ஆறு மாதம் ஜெயில்" என்றார்கள். ஜெயிலுக்கே போகிறேன் என்றார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. பிறகு லண்டனில் படித்து டாக்டராகத் திரும்பி வந்தார்.

ஒரு டாக்டர் எதற்கு இதைப் பேசணும் என்று கேட்கலாம்.

பதினாறு, பதினேழு வயதில் கர்ப்பமாக வரும் பெண்களை நாங்கள் இன்றும் பார்க்கிறோம். ரத்தசோகை, பிரஷர், வலிப்பு, எடை குறைந்த குழந்தை என்று அத்தனை ஆபத்தும் அந்த வயதில் கூடுதல். ரத்தசோகைக்கு எங்களிடம் ஊசி இருக்கிறது. "இப்ப கல்யாணம் வேண்டாம், நான் படிக்கணும்" என்று சொல்லும் தைரியத்துக்கு எங்கள் ஃபார்மசியில் மருந்து இல்லை.

கதை சொன்னால் மட்டும் குழந்தைத் திருமணம் நின்றுவிடுமா? நிற்காது. வறுமை இருக்கிறது, ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இருக்கிறது. அதனால் 1098 நம்பரையும் கதையோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் "வேண்டாம்" என்று சொன்ன பெண்கள் தனக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை, தன்னைத் தனி ஆளாக நினைக்காது.

முக்கியமான ஒன்று. இதைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லாதீர்கள். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். மகளைப் படிக்க வைத்த அப்பா நாராயணசாமி, அனுமதி கொடுத்த மன்னர், நிபந்தனைக்கு ஒத்துக்கொண்ட சுந்தர ரெட்டி, இவர்களும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். நாளைக்கு அக்காவின் படிப்பை நிறுத்தும் பேச்சு வீட்டில் வந்தால், முதலில் எதிர்த்துப் பேச வேண்டியவன் அவன்தான்.

ஜூலை 30 முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள். தமிழ்நாட்டில் அது மருத்துவமனை தினம். அதுவரை காத்திருக்க வேண்டாம். பத்து நிமிஷம் போதும்.

சொல்லிவிட்டு, உங்கள் பிள்ளை என்ன கேள்வி கேட்டது என்று கீழே எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.