மரத்துக்குச் சீமெந்து மருந்தல்ல

மரக்குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மூலைகளில் வெட்டிப் பூட்டிக் கட்டிய வீடுகளைப் பற்றி வியாபாரப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக் கூடும். ஹாட்வெயார் கடை நடத்தும் நான், என் கடையில் விற்ற சாமான்களை நினைத்து வெட்கப்பட நேர்ந்தது அந்த வீடுகளைப் பார்த்த பிறகுதான்.

2018இல் தங்கையின் மகனைப் பார்க்கப் பின்லாந்து சென்றிருந்தேன். மருமகன் ஒருநாள் என்னை ரௌமா என்ற துறைமுகப் பட்டினத்துக்கு அழைத்துச் சென்றார். 1640இலும் 1682இலும் தீயில் எரிந்து, மறுபடியும் மரத்தாலேயே எழும்பிய ஊர் அது. பழைய நகரப் பகுதியில் சுமார் 600 கட்டடங்கள் உள்ளன. 1991இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சுவர்களுக்கு மேலே பலகை அடித்திருப்பதால் உள்ளே இருப்பது மரக்குற்றி என்று பார்த்தவுடன் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாய்க்கப்பல் வியாபாரத்தில் உழைத்த காசை ஊரவர்கள் முகப்பு அலங்காரத்தில் போட்டிருக்கிறார்கள். நூதனசாலை என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் அங்கே கடை திறந்து வியாபாரம் நடக்கிறது, பின்பக்கத்தில் குடும்பங்கள் வாழ்கின்றன.

இவ்வளவு காலம் மரம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? மரம் வயதால் சாவதில்லை, தண்ணீரால் சாகிறது. அதனுள் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உக்கவைக்கும் பூஞ்சணம் வளராது. ஆகவே கூரையை வெளியே நன்றாக நீட்டுகிறார்கள், பீலியைத் துப்புரவாக வைக்கிறார்கள், அடிக் குற்றியை மண்ணில் படாமல் கல்லின் மேல் தூக்கி வைக்கிறார்கள். மழைத்துளி நிலத்தில் விழுந்து தெறிக்கும் தூரம்கூட அவர்களுக்குக் கணக்கு. முதலில் உக்குவது எப்போதும் அந்த அடிக் குற்றிதான். அப்படி உக்கினால் வீட்டை இடிப்பதில்லை. ஜாக்கி கொடுத்துச் சுவரைச் சற்று உயர்த்தி, கெட்ட பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே இன மரத்தில் புதுத்துண்டு பொருத்துகிறார்கள். நல்ல மரத்தில் கை வைப்பதே இல்லை.

இனி என் கதை. எங்கள் வாப்பா கட்டிய வீட்டின் முன் விறாந்தையில் நான்கு பலாமரத் தூண்கள் இருந்தன. அடியில் கருங்கல். ஒரு மழைக்காலத்தில் இரண்டு தூண்களின் அடி கறுத்திருப்பதைக் கண்டேன். என் கடையிலேயே சீமெந்து இருக்கும்போது யாரிடம் யோசனை கேட்பது? கல்லையும் தூணின் அடியையும் சேர்த்து ஒரு முழம் உயரத்துக்குச் சீமெந்து பூசினேன். மேலே எனாமல் பெயின்ட் இரண்டு கோட். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. நாலு வருடத்தில் ஒரு தூண் இறங்கியது. ஓடாவி வந்து சீமெந்தைத் தட்டிக் கழற்ற, உள்ளே கைப்பிடியளவு தூளும் கறையானும்தான் மிச்சம். வாப்பாவின் காலத்தில் அறுபது வருடம் நின்ற மரம் அது.

அமெரிக்காவின் பழைய மரக்குற்றி வீடுகளிலும் இதே தவறு நடந்திருப்பதாகப் பிற்பாடு வாசித்தேன். அந்தக் காலத்தவர்கள் குற்றிகளுக்கு இடையிலுள்ள நீக்கலைக் களிமண், சுண்ணாம்பு, பாசி போன்றவற்றால் அடைத்தார்கள். பிறகு வந்தவர்கள் உறுதியாக இருக்கட்டும் என்று அதைச் சுரண்டிவிட்டுச் சீமெந்து வைத்தார்கள். மரம் ஈரத்தில் பருத்து வெயிலில் சுருங்கும், சீமெந்து அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை வெடிப்பு விழ, அதனால் நுழைந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கிறது.

தடித்த பெயின்ட்டும் அப்படித்தான். சுவீடன், பின்லாந்து நாடுகளில் காணும் சிவப்பு வீடுகளுக்குப் பூசுவது தண்ணீரில் மாவைக் காய்ச்சி, இரும்புச் சத்துள்ள மண்சாயம் கலந்த ஒரு கூழ். அது மரத்தை மூச்சுவிட விடும், உரியாது. காலப்போக்கில் பொடியாக உதிரும்போது பிரஷால் தட்டிவிட்டு மறுபடி பூசினால் சரி. சுவீடனின் பாலுன் செப்புச் சுரங்கத்தின் கழிவிலிருந்துதான் அந்தப் பெயர்பெற்ற சாயம் வருகிறது. சுரங்கம் 1992இல் மூடப்பட்டுவிட்டது, சாய வியாபாரம் மூடப்படவில்லை! கழிவையும் காசாக்கத் தெரிந்தவர்கள்.

எமது வியாபாரிகளிடம் எனக்குள்ள குறை இதுதான். வருடத்துக்கு ஒருமுறை லொறியை சேர்விஸ் பண்ணுகிறோம், தராசுக்கு முத்திரை குத்துகிறோம். இருக்கும் வீட்டுக்கும் கடைக்கும் என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒழுகும்வரை ஓட்டைப் பார்ப்பதில்லை. ஒழுகிய பின், “மரமென்றால் கறையான்தான், கழற்றிவிட்டு சிலாப் போடு” என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். கழற்றிய முதிரையும் தேக்கும் மரக்காலைக்குப் போகும். அதை வாங்குபவர் அதன் பெறுமதி தெரிந்துதான் வாங்குகிறார், கொடுப்பவருக்குத்தான் தெரிவதில்லை. ரௌமாவில் பழைய வீட்டுக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லவென்றே தம்மேலா என்ற நிலையம் உண்டு. கழற்றிய கதவு, ஜன்னல்களைச் சேர்த்து வைத்து, தேவைப்படுவோருக்குக் கிடைக்கச் செய்கிறார்கள். இங்கே மரக்காலை வைத்திருப்பவர்கள் யோசிக்கக்கூடிய தொழில் இது.

பராமரிப்புக்குப் பெரிய செலவும் இல்லை. மழைக்கு முன்னும் பின்னும் வீட்டைச் சுற்றி ஒரு நடை. சுத்தியலால் தட்டினால் உக்கிய மரம் பொள்ளென்று சத்தம் கொடுக்கும், ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும். மேல்நோக்கிய வெடிப்பில்தான் தண்ணீர் தேங்கும், அதை மட்டும் அடைத்தால் போதும். போரன் உப்புக் கரைசல் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் நல்லது. மழையில் கரைந்து போவதால், மூச்சுவிடும் மேல்பூச்சு ஒன்றும் வேண்டும்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்து, “நானா, தூணடி கறுத்துப் போச்சு, பூசுறதுக்கு ஒரு பேக் சீமெந்து தாங்க” என்றார். பீலி எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் வந்து, இருபது அடி பீலியும் நாலு கிளிப்பும் வாங்கிப் போனார்.