மொழி அறியாதான் குற்றவாளியோ?

நமது தமிழ்ப் படங்களிலே வரும் பொலிஸ்காரர் பெரும்பாலும் இரு வகையினர். ஒருவர், 1974ஆம் ஆண்டில் வெளிவந்த 'தங்கப்பதக்கம்' படத்துச் சௌத்ரியைப் போன்று, பெற்ற மகனென்றும் பாராது கடமையே பெரிதென நிற்பவர். மற்றவர், சண்டையெல்லாம் ஓய்ந்தபின் ஜீப்பில் வந்திறங்கிக் கைவிலங்கு பூட்டுபவர். பொலிஸ் நிலையத்தின் கதவு மூடப்பட்டபின் உள்ளே ஓர் ஏழைக்கு என்ன நேர்கின்றது என்பதைக் காட்டத் துணிந்த படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கது வெற்றிமாறன் நெறிப்படுத்திய 'விசாரணை'. 2016ஆம் ஆண்டு திரைக்கு வந்த இப்படத்தை இன்னும் காணாத நேயர்களுக்காகவே இவ்வாரம் எழுதுகின்றோம்.

இது வெறுங் கற்பனையன்று. கோயம்புத்தூர் ஓட்டோ சாரதி மு. சந்திரகுமார் தம் இளமையில் ஆந்திராவிலுள்ள குண்டூருக்குப் பிழைப்புத் தேடிச் சென்றிருந்தார். 1983இல் செய்யாத குற்றத்துக்காகப் பிடிபட்டுப் பதின்மூன்று நாட்கள் பொலிஸ் காவலில் வதைபட்டார். அந்த அனுபவத்தை அவர் 'லாக்கப்' எனும் நூலாக எழுதினார். படத்தின் முற்பாதிக்கு அந்நூலே ஆதாரம்.

குண்டூரில் கூலி வேலை செய்து, பூங்காவிலே படுத்துறங்கும் தமிழ் இளைஞர் சிலரைப் பொலிஸார் பிடிக்கின்றனர். பெரிய மனிதர் வீட்டிலே களவு. வழக்கை விரைந்து முடிக்க வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும். பொலிஸாரிடம் கூறும் குற்ற ஒப்புதல் நீதிமன்றிற் சான்றாகாது என்பது சட்டம். ஆகவேதான், நீதவான் முன்னிலையில் அவர்களே "செய்தோம்" என்று சொல்லும்வரை அடிக்கின்றனர். காக்க வந்த சட்டமே அடியைக் கூட்டும் இக்கொடுமையைப் படம் ஒரு சொற்பொழிவும் இன்றி உணர்த்திவிடுகின்றது.

நீதிமன்றிலே அவர்கள் உண்மையைத் தமிழில் கதறுகின்றனர். கேட்பவர்க்கு மொழி விளங்கவில்லை. வேறொரு காரியமாக அங்கு வந்திருந்த தமிழக இன்ஸ்பெக்டர் முத்துவேல் மொழிபெயர்த்துச் சொன்ன பின்னரே விடுதலை கிடைக்கின்றது. அந்த நன்றிக்கு அவர்கள் கொடுக்கும் விலையே பிற்பாதி. முடிவை இங்கே கூறோம். முத்துவேலாக நடித்த சமுத்திரக்கனி, மனச்சாட்சிக்கும் மேலதிகாரிக்கும் இடையே நசுங்கும் மனிதனைக் கண்முன் நிறுத்துகின்றார். துணைநடிகருக்கான இந்தியத் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது முற்றிலும் தகும். படத்தொகுப்புக்கான விருது கிஷோருக்கு வழங்கப்பட்டபோது, அந்தோ, அவர் உயிருடன் இல்லை!

பாட்டில்லை, ஆட்டமில்லை, கதாநாயகன் பறந்து வந்து காப்பதுமில்லை. ஆயினும் நெஞ்சு படபடக்கக் கண் இமையாது பார்க்கின்றோம். அடிக்கும் காட்சிகள் மிகக் கடுமையானவை, சிறுவர்களுக்குக் காட்டலாகாது. வளர்ந்த பிள்ளைகளுடன் பெற்றோர் சேர்ந்திருந்து பார்த்துப் பேசுவது நன்று.

நிற்க. குண்டூர் எங்கோ இருக்கின்றது என்று நாம் வாளாவிருக்கலாமோ? நமது மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களிலிருந்தும் கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் கொழும்பு செல்லும் இளைஞர் பலர் தமிழன்றி வேறு மொழி அறியார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 1994ஆம் ஆண்டின் சட்டமொன்று, சித்திரவதை செய்யும் அதிகாரிக்கு ஏழு முதல் பத்து ஆண்டுவரை சிறை விதித்தது. ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உயர் பொலிஸ் அதிகாரியிடம் கூறும் ஒப்புதலையும் சான்றாக ஏற்க வழி திறந்தது. அதன் விளைவைத் தமிழ்க் குடும்பங்கள் நன்கறியும்.

ஏட்டிலுள்ள சட்டம் தானாக எழுந்து பொலிஸ் நிலையத்துக்குள் நடந்து செல்லாது. அதை அறிந்தவன் வாயிலாகவே அது அங்கே நுழையும். ஆதலால் வெளியூர் புறப்படும் பிள்ளைக்குச் சோற்றுப் பொதியோடு ஒரு புத்திமதியையும் கட்டிக் கொடுப்போமாக: தன் மொழியில் வாசித்து விளக்கப்படாத எந்த வாக்குமூலத்திலும் கையொப்பமிடாதே!