காசை ரிமோட்டில் போடுங்கள்

ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் கொட்டேஷன் வாங்கிய கை என்னுடையது. மூன்று கொட்டேஷன், ஓர் ஒப்பீட்டுப் பட்டியல், குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர். போன வருஷம் பேரனுக்கு மாடல் விமானம் வாங்கியபோதும் அந்தப் புத்திதான். பெரிய விமானம் கேட்டான், வாங்கினேன். மிச்சப் பணத்துக்கு எந்த ரிமோட் வந்ததோ அதை வாங்கினேன்.

வத்தலக்குண்டுக்கு வெளியே அறுப்பு முடிந்த வயலில் பறக்கவிட்டோம். நாலாம் நாள், தென்னந்தோப்புக்கு அப்பால் திரும்பியதும் விமானம் சொன்னபடி கேட்கவில்லை. மோட்டார் நிற்காமல் போய், மல்லிகை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு நாலடி தள்ளி விழுந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, முன்னால் சுழலும் விசிறி. "ஏங்கய்யா, புள்ள கையில இதெல்லாம் குடுக்கலாமா?" என்றார் அந்த அம்மா. எனக்குப் பதில் வரவில்லை. பேரன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு விசாரித்தேன். சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்து என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமாம். ஃபெயில்சேஃப் என்கிறார்கள். சொல்லாவிட்டால் சில ரிசீவர்கள் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். நான் சொல்லிவைக்கவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பச்சை மரங்கள் தடை என்பதும் தெரியாது. குற்றம் என்னுடையதுதான்.

ஆகவே என் கட்சி இது: விமானம் சாதாரணமாக இருக்கட்டும், காசு ரிமோட்டுக்குப் போகட்டும். விமானம் எப்படியும் உடையும். நல்ல ரிமோட் அடுத்த நாலு விமானத்துக்கும் வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் வாத்தியார் அல்போன்ஸ் பெனோவைப் பற்றிச் சொல்வார். 1871இல் பாரிசின் துய்லரி தோட்டத்தில், ரப்பரை முறுக்கிவிட்டே ஒரு சின்ன விமானத்தை 11 விநாடி பறக்கவைத்தவர். வாலைச் சரியாக அமைத்ததால் அது தானே நிதானம் பிடித்தது. இறக்கை மேலே வைத்த தெர்மோகோல் பயிற்சி விமானமும் அந்தச் சாதிதான். கற்றுக்கொள்ள அது போதும்.

ரிமோட்டில் என்ன பார்ப்பது? சேனல் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். மோட்டார், பக்க இறக்கை, வால் மட்டம், சுக்கான் என்று நாலு அவசியம். ஆறு போதும், எட்டு தாராளம். பல விமானங்களின் அமைப்பைத் தனித்தனியே நினைவில் வைக்க வேண்டும். யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பழக முடிய வேண்டும். திரையில் விழும் விமானத்துக்குச் செலவு இல்லை. மோட்டார் குச்சி இடது பக்கமா (மோட் 2), வலது பக்கமா (மோட் 1) என்பதைக் கற்றுக்கொடுப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். பின்னால் மாற்றினால் கை குழம்பும்.

பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டு, ரேடியோமாஸ்டர் பாக்ஸர் வாங்கினேன். குச்சிகளின் அடியில் காந்த சென்சார், உராய்ந்து தேயாது. குறையும் உண்டு: மெனுவுக்குள் மெனு, என் கண்ணுக்குச் சின்ன எழுத்து. பேரன்தான் படித்துச் சொல்கிறான். கை இறுக்கமாக இருந்தால் ஃப்ளைஸ்கை ஐ6எக்ஸ் போதும். பத்து சேனல், நாலு பென்சில் பேட்டரி. ஃபுடாபாவின் உயர்ந்த செட்டுகள் போட்டிக்காரர்களுக்கு. பென்ஷன்காரனுக்கு எதற்கு?

எதை வாங்கினாலும், முதல் நாள் விசிறியைக் கழற்றிவைத்து, மோட்டாரை ஓடவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பறக்கவிடாதீர்கள். பொழுதுபோக்கு மாடல் கண்பார்வைக்குள்தான் பறக்க வேண்டும் என்று 2021 டிரோன் விதிகளும் சொல்கின்றன. தோப்புக்கு அப்பால் விட்ட நான் அதையும் மீறியவன்.

இப்போதும் ஞாயிறு காலை அதே வயலுக்குத்தான் போகிறோம். பறிப்பு முடிந்து, அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு தோப்பைத் தாண்டும் வரை பேரன் பேட்டரியையே மாட்டுவதில்லை.